நெய் தொடாத கவளம்

அடிஸ் அபாபா,
மியாஸியா மாதம் 12

என் அன்பு அம்மாவுக்கு,

வுபாலம் எழுதுவது. நானும் தங்கச்சி மிஹ்ரெட்டும் இங்கே சுகம். நீ, அப்பா, மாடுகள் எல்லோரையும் மரியன்னை காக்கட்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நீ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோதாகப் பெரிதாக எழுதுகிறேன். அப்பாவிடம் கொடுக்காதே. அவர் படித்தால் சந்தைக்கே கேட்கும்.

ஆபீசில் இன்னும் என்னை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். பட்டம் வாங்கினாயே, பேச்சு வாங்கவில்லையா என்று கேலி.

மிஹ்ரெட்டின் வயிற்றுவலிக்காக மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. பத்து வருடம் முன்பு, இருபது நாள் குழந்தையாக இருந்தபோது கணையத்தில் வெட்டியெடுத்த இடம் நன்றாக ஆறியிருக்கிறதாம். ஏன் வலிக்கிறது என்றுதான் தெரியவில்லை. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்க்கையில் இவள் என் காதில், "பூசணிக்கா வாங்க வந்தவரு மாதிரி தட்டுறாருக்கா, கடைசியில வாங்காமலே போயிடுவாரு" என்றாள்.

வலி வரும் நாட்களைக் குறித்து வரச் சொன்னார். குறித்தேன். கிறிஸ்துமஸ், ஞானஸ்நானப் பெருநாள், நீ பஸ்ஸில் நெய் கொடுத்தனுப்பிய வாரம். இறைச்சியும் பாலும் நெய்யும் தொடாத பெரிய நோன்பு தொடங்கியபின் ஒரு நாள்கூட இல்லை. நோஞ்சான் உடம்புக்கு நோன்பு வேண்டாம் என்றபோது அடம்பிடித்தாளே, நீகூட "கன்னியாஸ்திரி ஆயிடுவா போலிருக்கே" என்று சிரித்தாயே.

போன ஞாயிறு தலை பின்னிவிடும்போது கேட்டேன். "நெய் சேந்தா வலிக்கும்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா. அம்மா இன்ஜெராவைச் சுருட்டி வாயில ஊட்டுறப்ப வேணாம்னு எப்படிச் சொல்றது? வயித்துவலி சாயங்காலம் போயிடும். அம்மா மொகம் வாடினா ரெண்டு நாளாகும்" என்றாள். பின்னிய தலையை அவிழ்த்து மறுபடி பின்னினேன், என் முகத்தை அவள் பார்க்காதபடி.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். கணையம் குறைந்தவர்களுக்குக் கொழுப்பு செரிக்காமல் வலிக்கலாம், இன்னும் சோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது, அதுவரை நெய் வேண்டாம் என்றார். இன்னொன்றும் சொன்னார் அம்மா. பச்சைக் குழந்தையைக் கத்திக்குக் கொடுக்கிறாயா என்று சொந்தபந்தம் எல்லாம் ஏசியபோது நீ ஆபரேஷனுக்குக் கைநாட்டு வைத்திருக்காவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவள் அந்த மாதமே போயிருப்பாளாம். அந்தக் கைநாட்டு இன்னும் உறுத்தித்தான் அவள் கவளத்தில் மட்டும் நீ இரண்டு கரண்டி நெய் ஊற்றுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

நோன்பு முடியும் பாஸ்கா பெருநாளுக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்துவிடுவோம். கோழிக்குழம்பில் எங்கள் எல்லோருக்கும் தாராளமாக நெய் ஊற்று. அவளுக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் நோன்புப் பருப்பு போதும். இதைப் படித்துவிட்டுக் கையை மட்டும் இழுத்துக்கொள்ளாதே. முதல் கவளத்தை அவளுக்கு நீதான் ஊட்ட வேண்டும். வாயைத் திறந்துகொண்டு உன் எதிரில்தான் உட்காருவாள்.

உன் முழங்காலை முத்தமிடும் மகள்,
வுபாலம்