நாய்களுக்காக அடைத்த வேலி

உரும்பிராய்
21.06.1992

அன்பு மகன் திருக்குமரனுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அந்த அளவில் சுகம். நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். கொழும்புக்குப் போகிற மார்க்கண்டு மாஸ்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வழக்கம்போலக் குகதாசனையும் பக்கத்தில் இருத்தி உரத்து வாசிக்காதே. ஒரே அறையில் இருப்பவனுக்கு மறைப்பது கஷ்டம்தான், ஆனாலும் முதலில் நீ தனிய வாசி.

பக்கத்து வீட்டில் அவனுடைய தாய் ஞானாம்பிகை வளர்க்கும் நாய்களைப் பற்றிப் போன கடிதத்திலும் எழுதியிருந்தேன். குகன் விட்டுப்போன வீமன் ஒன்றோடு நின்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இடம்பெயர்ந்த சனம் கைவிட்ட நாயெல்லாம் அவள் சோறு வைக்கும் குசினி வாசலுக்கு வந்து சேர்ந்து இப்போது ஆறு. ஒன்றையும் கட்டமாட்டாள். நடுவேலியில் ஆள் நுழைகிற பொட்டால் புகுந்து வந்து வெங்காயப் பாத்தி முழுவதையும் கிண்டிவிட்டன. பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லாமல், இந்த வயதில் கிணற்றில் துலாவால் இறைத்து வளர்த்த பாத்தி, மகன். பிறகு அடைகிடந்த கோழியைக் கடித்துக் கொன்று பதினொரு முட்டையையும் குடித்துவிட்டுப் போக, அம்மா கோழிக்கூட்டடியில் இருந்து அழுதாள். நான் வேலியில் நின்று கத்தினேன். அவள் ஆறுதலாக, "வாயில்லாச் சீவன் அண்ணை, கட்டிப்போட்டால் குண்டு போடப் பொம்மர் வரேக்கை எங்கை ஓடுங்கள்?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்கு இரங்குகிறவளுக்கு எங்கள் வயிறு தெரியவில்லையோ என்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

அடுத்த நாள் பொட்டை அடைத்தேன். நீயும் குகனும் சின்ன வயதில் அங்கும் இங்கும் புகுந்து ஓடித்திரிந்த பொட்டுத்தான். ஆள் உயரத்துக்கு இலந்தை முள் வைத்து, கம்பியால் இறுக்கி, மேலே தென்னோலைக் கிடுகும் கட்டினேன். அம்மா தடுத்தாள். பதுங்குகிற பங்கர் எங்கள் வளவில்தானே இருக்கிறது, பொம்மர் வந்தால் அந்த மனிசி எப்படி வரும் என்று கேட்டாள். எல்லாரையும் போல தெரு ஒழுங்கையால் சுற்றி வாசல் படலையால் வரட்டும் என்றேன். பங்கருக்கு மேலே போட்ட பனங்குற்றி எல்லாம் அவளுடைய வளவில் தறித்தவை, அவள் சும்மா தந்தவை. அது எனக்கு அப்போது நினைவில் வரவில்லை. நாய்களோ இரண்டாம் நாளே வேலிக்குக் கீழால் கிண்டிக்கொண்டு வந்துவிட்டன.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல பொம்மர் வந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினேன். வேலியடியில் நாய்கள் ஊளையிட்டன. அதற்குள் ஒரு மனிதக் குரலும் கேட்டமாதிரி இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நாய்தான், பேசாமல் இரு என்றேன். இருபது வருசப் பழக்கம், மகன். அவள் ஒழுங்கைக்குப் போகவில்லை, பொட்டுக்குத்தான் ஓடி வந்திருக்கிறாள். நாங்கள் வெளியே வந்தபோது முள்ளைப் பிடித்து இழுத்த இரண்டு கையிலும் இரத்தம், இடது காலில் குண்டுச் சிதறல். நாய்கள் சுற்றி நின்று என்னைக் கிட்டவே விடவில்லை. ஒருமாதிரி அவற்றைக் கலைத்து, மாட்டுவண்டிலில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நேற்றுப் பார்க்கப் போனேன். விசாரிக்க வந்த சனத்துக்கெல்லாம், ஓடும்போது தடக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் வேலி அடைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டுப்போட்ட கையால் என் கையைப் பிடித்து, "குகனுக்கு ஒண்டும் எழுதிப்போடாதையுங்கோ அண்ணை. உங்கடை பிள்ளையை நம்பித்தானே அவன் அங்கை இருக்கிறான். அதுகள் ரெண்டும் ஒண்டாய் இருக்கட்டும்" என்றாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்ன சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். என்னால் முடியவில்லை, மகன். சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் அந்தக் குரல். முள்ளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டேன், இனி எறிந்து என்ன. நாய்களுக்கு அம்மா கஞ்சி வைக்கிறாள், அவை முகர்ந்துவிட்டுப் படலையைப் பார்த்தபடி கிடக்கின்றன. குகனிடம் தாய்க்குக் கால் போனதைச் சொல்லு. பொட்டை அடைத்தது யார் என்பதையும் மறைக்காமல் சொல்லு. உன்னோடு கதைக்காமல் விடுவான், அறையை விட்டும் போகப் பார்ப்பான். அடித்தாலும் வாங்கிக்கொள், அவனை மட்டும் தனிய விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அவனையும் சாப்பிடவை. அம்மா விபூதி பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், இருவரும் பூசிக்கொள்ளுங்கள். கடவுள் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. குகன் எனக்கு எழுதவேண்டாம், தாய்க்கு எழுதட்டும். அன்று அவளுடைய மூக்குக்கண்ணாடியும் நொறுங்கிவிட்டது, கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லி என்னிடம்தான் தருவாள். என்னைப் பற்றி அவன் என்ன எழுதினாலும் ஒரு எழுத்து விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. நமசிவாயம்