பின்சக்கரக் காருக்கு நான் சொன்ன பதில்

அன்பு மாப்ள மணிவேலுக்கு,

சண்டை போட ஆளில்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேற்று அரியலூரில் வைத்து உன் காருக்கு முடிவு சொல்லிவிட்டார்கள். குறுக்கே பேசாமல் கேள். இந்த ஒரு தடவையாவது நான் முடிக்கும்வரை நீ பொறுமையாக இருந்துதான் ஆக வேண்டும்.

பெரம்பலூர் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். கடைசியில் என் தங்கை வளர்மதியைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரனாகவும் ஆகிவிட்டாய். இவ்வளவு ஒட்டியிருந்தும் உனக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று இருந்தது. சின்னதாக, வேகமாக, பின்சக்கரம் தள்ளி ஓடுகிற கார் ஒன்றை நம் கம்பெனி செய்ய வேண்டும், அதற்கென்றே பிளாட்ஃபார்ம் என்கிற அடித்தளத்தைப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். வேண்டவே வேண்டாம் என்று நான் நின்றேன்.

"நம்ம ஊர்ல கார் வாங்குறவன் குடும்பத்தோட கோயிலுக்குப் போக வாங்குறான் மாப்ள. முன்னால இருக்குற இன்ஜின்லேர்ந்து பின்சக்கரத்துக்குத் தண்டு கொண்டுபோறேன்னு வண்டிக்கு நடுவுல மேடு கட்டிட்டா, அஞ்சாவது ஆளு காலை எங்க வப்பான்?"

"மடக்கி வச்சுக்குவான் மச்சான். நீ முதல்ல அந்த ஸ்டியரிங்கைப் புடிச்சுப் பாரு. அப்புறம் வந்து பேசு."

பிடித்துப் பார்க்கவே மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். நீயோ, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே பகலில் போய்விட்டாய். யாரோடு வீம்பு பிடிப்பது?

நீ போனபிறகு உன் சோதனைக் கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. உன் குழுவில் இருந்தவர்கள் எந்த செக்‌ஷனுக்குத் தூக்கியடிக்கப்படுவோமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த நேரத்தில்தான் சீஃப் இன்ஜினியர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷமா வேண்டாம்னு சொன்ன ஆளு நீங்கதான். நீங்களே ஓட்டிப் பார்த்துட்டு வாங்க. நீங்க சரின்னு சொன்னா, மேல பேசி அனுமதி நான் வாங்கித் தரேன்."

எப்படி மாட்டிக்கொண்டேன் பார். வேண்டாம் என்றால் உன் ஆசைக்கு நானே மண் அள்ளிப் போட வேண்டும். சரி என்றால், மனசு ஒப்பாத ஒன்றுக்கு, செத்துப்போன சொந்தக்காரனுக்காகத் தலையாட்ட வேண்டும்.

காரை எடுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தேன். பெரம்பலூர் தாண்டி அரியலூர் ரோட்டில் ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பின்னாலிருந்து ஒரு உந்தல். ஸ்டியரிங் கைக்குள் அடங்கி, நினைத்த இடத்துக்குப் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தனியாகச் சிரித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான். சரி என்றே சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டு அரியலூரையும் தாண்டிக் கீழப்பழுவூர் வரை வந்தேன். அங்கே டயர் பஞ்சர்.

ஸ்டெப்னியை எடுக்க டிக்கியில் விரிப்பைத் தூக்கினால், அடியில் சாக்கு சுற்றி, அசையாமல் பெல்ட் போட்டு, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை ஒன்று!

இந்த வேலை சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த அரியலூர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் தோன்றாது. மழையில் நனைந்து கல்லாகிப்போன மூட்டையை நம் ஊரில் யார் தூக்கி எறிகிறார்கள்? துணி துவைக்கவும் வாசலில் படி போடவும் அதுதானே. உங்கள் அப்பா காய்கறி இறக்கிவிட்டுக் காலி வேனில் திரும்பும்போது, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமென்று ஒரு மூட்டையை ஏற்றிக்கொள்வார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கொட்டிவிட்டுப் போகிற தூசியில் முதல் மழை விழுந்தால் நம் ரோடு என்ன கதியாகும் என்று அவருக்குத் தெரியும். அதே பழக்கத்தில் நீயும் ஒன்றை ஏற்றியிருக்கிறாய். ஏற்றியதை இறக்கவே இல்லை. எல்லாச் சோதனையும் அதோடுதான் நடந்திருக்கிறது. பிறகு விசாரித்தேன், உன் குழு அதைச் சோதனைக்கு வைத்த எடை என்று நினைத்துக்கொண்டது, யாரும் கேட்கவில்லை.

பஞ்சர் கடைக்காரரும் நானும் சேர்ந்து மூட்டையை இறக்கினோம். அதற்குள் தூறல் போட்டிருந்தது. அதே காரை அதே வேகத்தில் அங்கேயே ஒரு வளைவில் திருப்பினேன். பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வரப் பார்த்தது. கார் அரைச்சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. பஞ்சர் கடைக்குத் திரும்பி மூட்டையை மறுபடி ஏற்றிக்கொண்டேன்.

நேராக வளர்மதியிடம் போனேன். அரியலூர் வீட்டில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவர ஏமாத்துக்காரருன்னு சொல்லிருவாங்களாண்ணே?" என்றாள்.

"தெரியலைம்மா."

"நீ சொல்லாம வுட்டுட்டா?"

"நாளைக்கு எந்த வூட்டுப் புள்ளையாவது மழையில எடுத்துட்டுப் போயி கவுந்துட்டா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிரு. அவரு இருந்திருந்தா அவரேதான் மொத ஆளா சிரிச்சுக்கிட்டே சொல்லிருப்பாரு," என்றாள். உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் மாப்ள.

போனில் மேடத்திடம் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "நான் வரேன், பார்த்துட்டுப் பேசலாம்," என்று வைத்துவிட்டார். நேற்று ரயிலில் வந்து இறங்கினார். கிராமத்து ரோட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். மூட்டையோடு ஒரு ஓட்டம், மூட்டை இல்லாமல் ஒரு ஓட்டம், மெதுவாக அவரே ஓட்டினார். இறங்கி வந்து மூட்டையைச் சுற்றி நடந்தார்.

சிரித்தார் மாப்ள! "இது ஏமாத்து இல்லைங்க. வண்டியோட வால் லேசா இருக்குன்னு மனுஷனோட கைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட சொல்ல மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

அங்கேயே முடிவையும் சொன்னார். பெட்ரோல் காருக்கென்று தனி அடித்தளம் வேண்டாம். வால் லேசாக இருப்பது மட்டும் காரணமில்லை. அதன் பாகங்கள் நம் மற்ற கார் எதற்கும் பொருந்தாது, வாங்குகிறவர்களோ கொஞ்சம் பேர். ஆனால் நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற எலெக்ட்ரிக் அடித்தளத்தில் மோட்டார் பின்னால்தானே இருக்கிறது? தரை முழுக்க பேட்டரி, எடை கீழே அடங்கி உட்கார்ந்திருக்கும். அதைக் குட்டையாக்கி உன் காரைச் செய்யலாம். உன் குழுவே செய்யட்டும்.

உன் பெயருக்கு ஒரு கீறல் இல்லை. உன் ஆட்கள் யாரும் எங்கும் போக வேண்டாம். நடுவில் மேடும் கிடையாது என்பதை இங்கே நான் குறிப்பிடாமல் விட மாட்டேன். சத்தமே வராத காரா என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளித்துக்கொள்.

மேடம் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். "இவரு எப்பவுமே இப்படித்தானா?" என்று உன் படத்தைக் காட்டிக் கேட்டார். "கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துக்கு வெளிய காருக்கு அடியில படுத்துக் கெடந்தாருங்க," என்று சொல்லிவிட்டு வளர்மதி சிரித்தாள். நீ போனதற்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். நான் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வால் லேசானது என்று தெரிந்தேதான் அந்த மூட்டையை வைத்தாயா, இல்லை கை பாட்டுக்கு வைத்ததா? மேடம் அவர் பங்குக்கு ஒரு பதில் சொல்லிவிட்டார். நான் உன் வாயால் கேட்க வேண்டும், எங்கே போய்க் கேட்பது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புதுக் கார் தயாரானதும் முதல் மழைக்கு அதே வளைவில் நானே ஓட்டிப் பார்ப்பேன். நேராகப் போனால்தான் என் கையெழுத்து. கொஞ்சம் பிசகினாலும், உன் கார் என்றுகூடப் பார்க்காமல், வேண்டாம் என்றுதான் சொல்வேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். வந்து கோபித்துக்கொள், மாப்ள.

இப்படிக்கு,
இப்போது உனக்கும் சேர்த்து வாதாடுகிற
உன் மச்சான்