பரங்கிப் பூவுக்குள் இரண்டு தேனீ

அக்கா,

இன்றைக்குக் காலையில் ஒரு நாற்றப் பூச்சி என் நகத்தடியில் நசுங்கிவிட்டது. அழுகின கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தது போல ஒரு வாடை. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் மறுபடியும் அதே வாடை. "கழுவினா போகாதுடி. அதுக்கா அலுத்துப்போனாத்தான் போகும்" என்று நீங்கள் சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது. காபியை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. ஜீயபுரத்துக் கொல்லையில் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் பரங்கிக் கொடி, இந்தப் பக்கம் என்னுடையது. ஐப்பசியில் உங்கள் மகள் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்தாள். "அம்மா எடுத்து வெச்ச விதை மாடத்துல இருக்கு சித்தி, போட்டு விட்டுடுங்க" என்றாள். போட்டேன். இப்போது இரண்டு பக்கமும் நான்தான் குனிந்து நிமிர்கிறேன். இடுப்பு என்னைத் திட்டுகிறது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்த வருஷம் வேலி போட்டார்கள். அதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த நாம் இருவரும் நிறுத்தவில்லை. வேலி வழியாகப் பேசினோம், அதிலும் முக்கால்வாசி பூச்சியைப் பற்றித்தான். ஓரகத்திகள் சண்டையில்லாமல் பேச வேறு என்ன விஷயம் இருக்கிறது?

உங்கள் வைத்தியம் எல்லாம் உடம்பை வருத்துகிற வைத்தியம். விடியற்காலையில் பனி காய்வதற்குள் கொடிக்குப் போய்விட வேண்டும், அப்போதுதான் சிவப்பு வண்டு பறக்காமல் மந்தமாக உட்கார்ந்திருக்கும். ஒரு மக்கில் சோப்புத் தண்ணீரை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் பொத்துப் பொத்தென்று விழும். நாற்றப் பூச்சிக்கு முந்தின சாயங்காலமே கொடிக்கு நடுவில் பழைய பலகையைக் கிடத்துவீர்கள். ராத்திரி குளிருக்கு அதெல்லாம் பலகைக்கடியில் ஒண்டிக்கொள்ளும், காலையில் புரட்டி அள்ளிவிடலாம். இலையின் அடியில் நரம்போரமாக வரிசை கட்டி ஒட்டியிருக்கும் முட்டையை மட்டும் கையால் தொடமாட்டீர்கள். பார்சல் ஒட்டுகிற டேப்பை, பசை வெளியே இருக்கும்படி விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி எடுப்பீர்கள். அந்த டேப் மட்டும் நாகரிகம், மற்றதெல்லாம் கூலி இல்லாத வேலை என்று நான் கேலி செய்வேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாசியில் முகூர்த்தம். சீர் வரிசையில் கொல்லைப் பரங்கி ஐந்து வைப்பதாக நீங்களே வாய்விட்டு சம்பந்தியிடம் சொல்லிவிட்டீர்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் "எங்க தெருவுல அம்மாம் பெரிய பரங்கியை யாரும் பாத்திருக்க மாட்டாங்க, கொண்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து ஒரு வண்டு உட்கார்ந்தால்கூட உங்களுக்குத் தாங்கவில்லை.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கோலத்துக்குப் பரங்கிப் பூக் கேட்டு வழக்கம்போல் தெருப் பெண்கள் வந்து நின்றார்கள். காய் வைக்காத ஆண்பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்த்து, "நான் தினம் எடுத்து என்ன புண்ணியம்? பூச்சியெல்லாம் உன் பக்கத்துலேருந்துல்ல வருது. நீயும் கொஞ்சம் குனியேன்டி" என்றீர்கள். சொன்னது நிஜம்தான். நான் ஒரு நாளும் குனிந்ததில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னீர்கள் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது. குனியாமலே ஒழித்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு.

வாழைக்கு வாங்கின மருந்து கொட்டகையில் மிச்சம் இருந்தது. மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் கைத்தெளிப்பானில் கலந்து என் பக்கத்துக் கொடி முழுக்க அடித்தேன். எத்தனை கலக்க வேண்டும் என்றுகூடப் படிக்கவில்லை. நேரம் காலை ஏழு. பூவெல்லாம் அகல விரிந்து நிற்கிற நேரம், தேனீ வந்து இறங்குகிற நேரம். வாரத்துக்கு ஒன்றாக மூன்று தரம் அடித்தேன். நீங்கள் அந்த நேரத்தில் கல்யாண வேலையாக வெளியே அலைந்துகொண்டிருந்தீர்கள். வண்டு செத்தது வாஸ்தவம். நாற்றப் பூச்சி இலைக்கடியில் சௌக்கியமாக இருந்தது.

மூன்றாவது தரம் அடித்த மறுநாள் வேலியோரம் வந்து கையை நீட்டினீர்கள். உள்ளங்கையில் உங்கள் பக்கத்துப் பூ ஒன்று. அதற்குள் இரண்டு தேனீ, மகரந்தம் பூசினபடியே செத்துக் கிடந்தன.

"என்னடி இது, பனியா?"

"பனியாத்தான் இருக்கும் அக்கா. இந்த வருஷம் ரொம்பக் கொட்டுது."

யோசிக்காமல் வந்த பொய். வாய் அவ்வளவு சுலபமாகத் திறந்ததே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நீங்கள் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, பூவை வேலியடியில் போட்டுவிட்டுப் போனீர்கள். என் தெளிப்பான் கிணற்று மேடையில் கவிழ்த்தபடி காய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் பெண்பூ பூக்கப் பூக்க, மகரந்தம் கொண்டுசேர்க்கத் தேனீ இல்லாமல் அடியில் இருந்த பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. உங்கள் பக்கமும் அப்படியே, என் பக்கமும் அப்படியே. பூச்சி வேலி தாண்டி வருகிறது என்று நீங்கள் சொன்னது தேனீக்கும் சரியாக இருந்தது. தை முடிகிறவரை ஒரு காய் பிடிக்கவில்லை. காந்தி மார்க்கெட்டில் ஐந்து பரங்கி வாங்கிச் சீரில் வைத்தீர்கள். காம்பு வாடியிருந்ததை வைத்தே சம்பந்தி வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். "கொல்லைப் பரங்கியா, கடைப் பரங்கியா?" என்று சபையில் ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மணையில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மூன்று வருஷம் அந்தப் பெயர் அவளை விடவில்லை, "கடைப் பரங்கி வீட்டுப் பொண்ணு".

நம் சொந்தக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? "மார்கழி முழுக்க ஊருக்கெல்லாம் பூவைத் தூக்கிக் குடுத்தா காய் எங்கேருந்து காய்க்கும்?" என்று உங்கள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். நானும் அங்கே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா, என் புத்திதான்" என்றீர்கள் நீங்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் நான் குனிந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஆளுக்கொரு மக்கு. அவ்வளவு சேர்ந்தாற்போல நாம் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. ஒருநாள் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் இலையைப் புரட்டிக்கொண்டே, "எதை அடிச்சாலும் சாயங்காலமா அடி. காலையில பூ தெறந்திருக்கும்" என்றீர்கள். சரி என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க இஷ்டமில்லை என்பதுதான் சரி.

இன்றைக்குப் பூச்சி எடுத்து முடித்ததும் தெருப் பெண்கள் பூக் கேட்டு வந்தார்கள். அதே மார்கழி, ஆள் மட்டும் வேறு. உங்கள் பக்கத்துக் கொடியில் ஆண்பூவாகத் தேடிப் பறித்தேன். இருபது பூவுக்கு மேல் கொடுத்தும் கொடியில் நிறைய நின்றது. கை பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தது, சட்டென்று அப்படியே நின்றுவிட்டேன்.

கல்யாணத்துக்கு அடுத்த மார்கழியிலும் நீங்கள் இப்படித்தானே பறித்துக் கொடுத்தீர்கள்? ஒரு பூ குறைக்கவில்லையே. பூக் கொடுத்ததால்தான் மகளுக்குத் தலைகுனிவு வந்தது என்று நிஜமாகவே நம்பியிருந்தால், எந்த அம்மா மறு வருஷமே அதே பூவைப் பறித்து ஊருக்குக் கொடுப்பாள்? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. பூவைக் கையில் ஏந்தி வந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் "என் புத்தி" என்றீர்கள். நான் மாட்டிக்கொண்டால் அண்ணன் தம்பிக்குள் கத்தி கபடா என்று ஆகியிருக்கும். அதற்காகவா, எனக்காகவா, கேட்க இனி ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷம் நான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் என்னை மறைத்து வைத்திருந்தீர்கள். உட்கார்ந்து அழுதேன். அழுத கண்ணைத் துடைக்கப் போனால் விரலில் அந்த நாற்றம்.

போகிக்கு உங்கள் மகள் வருகிறாள். உங்கள் பக்கத்தில் ஏழு காய் பிடித்திருக்கிறது, பெரியது இரண்டு கை சேர்த்தாலும் அடங்காது. காம்பு பச்சையாக இருக்கும்போதே அறுத்து அவள் மாமியாருக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, அந்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்லப்போகிறேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும்.

ஆனால் கேட்டது நீங்கள். முதல் பதில் உங்களுக்குத்தான் சேரவேண்டும்.

பனி இல்லை அக்கா. நான் அடித்த மருந்து.