கீழ் வரி மட்டும் மாறும்

இன்று காலை குளத்தூருக்குப் போகும் வழியில் உன்னைப் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்ததால் ரோட்டோரம் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தைக் குவித்து, மேலே பழைய ஃபிளெக்ஸ் ஒன்றை விரித்துக் கல் வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். அதில் உன் முகம் தலைகீழாகக் கிடந்தது. வெயிலில் சிவப்பு போயிருந்தது, சிரிப்பு போகவில்லை. உன் மாமனார் ஊர்ப்பக்கம் என்பதால் யார் வைத்தது என்று பார்க்கக் கீழ் வரியைத் தேடினேன். அந்தப் பக்கத்தை எதற்கோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

குவியலுக்குக் காவல் இருந்த அம்மா, "நல்ல கெட்டி அண்ணாச்சி. எம்புட்டு மழைன்னாலும் ஒரு சொட்டு இறங்காது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தெரிஞ்சவியளா?" என்றார். ஆமாம் என்றேன். நான் அடித்த ஃபிளெக்ஸ்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் கடையில் எதற்குச் சண்டை வந்தாலும் இந்த அஞ்சலி ஃபிளெக்ஸில்தான் வந்து முடியும், நினைவிருக்கிறதா? கோவில்பட்டியில் ஒருவர் போனால் ஒரு ஃபிளெக்ஸோடு நிற்பதில்லை. மருமகன்கள் ஒன்று, பங்காளிகள் ஒன்று, தெருக்காரர்கள் ஒன்று, ஆட்டோ ஸ்டாண்ட் ஒன்று. நான் அதற்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்தேன். படமும் மேல் வாசகமும் அப்படியே நிற்கும். பெயர்களை ஒரு பட்டியலில் அடித்துக் கொடுத்தால், மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ் வரியில் வைத்துத் தனித்தனிப் படமாகச் சேவ் செய்துவிடும். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

உனக்குப் பிடிக்கவில்லை. "ஏலே, பேரை மட்டும் மாத்துனாப் போதுமாலே? மருமகன் அழுகையும் ஆட்டோக்காரன் அழுகையும் ஒண்ணாலே?" என்றாய்.

"ரெண்டு பேரும் ஒரே சைஸுதாம்லே கேட்டிருக்கான்" என்றேன் நான். நீயும் சிரித்துவிட்டாய். ஆனால் உன் மேசைக்கு வந்த வேலையை உன் இஷ்டப்படிதான் செய்தாய். வந்தவரை உட்கார வைத்து, "அவியள நீங்க என்னன்னு கூப்பிடுவீய?" என்று கேட்பாய். கூப்பிட்ட சொல்லையே பெரிதாக மேலே வைப்பாய். ஒருமுறை கடம்பூரிலிருந்து கணவனை இழந்த ஒரு அம்மா வந்தார். "பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லய்யா. காட்டுலேருந்து வந்ததும் வாசல்ல நின்னு, இருக்கியளான்னு கேப்பேன்" என்றார். நீ அவர் கணவர் படத்துக்கு மேல் 'இருக்கியளா?' என்று மட்டும் போட்டாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொழைக்கத் தெரியாதவன் என்று அவர் எதிரிலேயே உன்னைக் கேலி செய்தேன். அவர் அந்தப் பிரிண்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தது அவர் காதில் விழுந்திருக்கும்.

நெஞ்சுவலி வந்து நீ போன அன்று கடை வாசலில் கூட்டம். எல்லோருக்கும் உன் ஃபிளெக்ஸ் வேண்டும், அதுவும் உன்னைத் தூக்குவதற்கு முன்னால் வேண்டும். நான் அழுதுகொண்டேதான் செய்தேன். அதை இப்போது சொல்லி என்ன? கழுகுமலைத் தேரோட்டத்தில் நாம் சேர்ந்து எடுத்த படத்தைத் திறந்தேன். அஞ்சலிப் படத்தில் உயிரோடு இருப்பவன் இருக்கக்கூடாதே. என்னை வெட்டி எடுத்தேன். பெயர்களை வரிசையாக அடித்தேன். வரிசையின் கடைசியில் என் பெயரையும் அடித்தேன். சேவ் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

'தங்கள் மறைவால் மீளாத் துயரில் வாடும்' என்று எல்லாவற்றிலும் இருந்தது. தங்கள்! உன்னை ஒரு நாளாவது நான் நீங்கள் என்று சொல்லியிருப்பேனா? பள்ளிக்கூடத்திலிருந்து ஏலே என்ற சொல்லைத் தவிர வேறு பெயர் நமக்குள் இருந்ததா? ஊரார் சொன்னதையே நானும் சொல்லி, ஊராருக்குக் கீழே கையெழுத்துப் போட்ட மாதிரி நின்றேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் உன் மனைவி கேட்டாள்: "அண்ணாச்சி, நீங்க வச்சது எது? தெரு முச்சூடும் நடந்து பாத்தேன். எல்லாம் ஒண்ணு போல இருந்துச்சு, கண்டுபிடிக்க முடியல."

அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்தது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். எங்கே கட்டினார்கள் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு வெட்கமாக இருந்தது. இப்போதும் அவள் தெருவழியாகப் போவதென்றால் சுற்றிப் போகிறேன்.

போன வாரம் அவளே கடைக்கு வந்தாள். வருஷம் திரும்பப் போகிறது. "இந்தத் தடவ ஒண்ணே ஒண்ணு போதும் அண்ணாச்சி. நீங்க வைக்குதது மட்டும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த டெம்ப்ளேட்டைத் திறப்பேன், மூடுவேன்.

இன்று மக்காச்சோளத்தின் மேல் கிடந்த உன்னை வெகுநேரம் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உன் இடது தோளில் நான்கு விரல்கள். அவசரத்தில் என்னை வெட்டியவன், என் விரல்களை விட்டிருக்கிறேன். எல்லா ஃபிளெக்ஸிலும் அப்படித்தான் போயிருக்கும். ஒருவரும் கவனிக்கவில்லை, அடித்த நானும்.

கடைக்குத் திரும்பி வந்து டெம்ப்ளேட்டைத் திறக்காமல் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தேன். என்னன்னு கூப்பிடுவீய என்ற உன் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். படத்துக்கு மேல் பெரிதாக 'ஏலே' என்று அடித்தேன். அந்தக் கடம்பூர் அம்மா வாசலில் நின்று கேட்ட மாதிரிதான் இருந்தது. கீழ் வரியில் என் பெயரைப் போட இன்னும் கை வரவில்லை. உன் தோளில் இருக்கும் விரல்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.