நிரோவின் பங்கு

லா சப்பல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நிரோஜினிக்கு,

பூரணி மச்சாள் எழுதுவது. இங்கே நானும் இவரும் இருக்கிறோம். நீயும் அங்கே நலமாக இருக்கிறாய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

போனை எடுக்கிறாய் இல்லை. வாட்ஸப்பில் நான் பேசி அனுப்பியதையும் நீ கேட்கவில்லை. ரூ பெர்தொனேயில் கடை வைத்திருக்கும் றெமிஜியஸ் அண்ணை மரக்கறி ஏற்றிக்கொண்டு உங்கள் டோட்முண்டுக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முருங்கைக்காயும் கொஞ்சம் கணவாய்க் கருவாடும் வரும். மனுசனை வாசலில் நிற்க வைத்து அனுப்பிவிடாதே, ஒரு தேத்தண்ணி கொடு.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது என் தலைக்குள்ளேயே நிற்கிறது. என் தம்பி தனோ செத்து, அந்தியேட்டியும் முடிந்த பிறகு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஜேர்மன் இறைச்சிச் சோசிசும் புளிக்க வைத்த முட்டைக்கோவாவும் சமைத்து அவனுக்குப் படைக்கிறேன் என்றாய். அவர் வாறார் மச்சாள் என்றாய். மற்ற நாளில் எனக்குச் சோறு இறங்குதில்லை, சனிக்கிழமை மட்டும்தான் வயிறு நிறையச் சாப்பிடுறன் என்றும் சொன்னாய். உனக்கென்ன விசரா என்று நான் கத்த, நீ போனை வைத்துவிட்டாய்.

கத்தாமல் என்ன செய்வது? முப்பத்தோராம் நாள் எல்லாம் முறைப்படி செய்து ஆளை அனுப்பிவிட்டோம். இனி வருசம் திரும்பி ஆட்டைத் திவசத்துக்குத்தான் அவனைக் கூப்பிடலாம். இடையில் வாராவாரம் பிடித்த சாப்பாட்டை வைத்து வா வா என்றால், போகிறவன் எப்படியடி போவான்? எங்கள் சனத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா?

இவரிடம் சொன்னேன். தனிய இருக்கிற பிள்ளை, மனப்பிராந்தி, ஒரு டொக்டரிட்டைக் காட்டச் சொல்லு என்று டிவியைப் பார்த்தபடியே சொன்னார். எனக்கு அது போதவில்லை. உனக்குப் புருசன் ஆகுமுன்னரே அவன் எனக்குத் தம்பி. அவள் வீட்டுக்குப் போகாதே, இங்கே வா, என்ன வேண்டுமென்று என்னிடம் சொல் என்று கூப்பிடலாம் என நினைத்தேன். நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம் நானே சமைத்தேன்.

கோவாவைப் போத்தலில் வாங்கினேன். கழுவிப் பிழிந்து, பட்டரில் வெங்காயம் வதக்கி, ஒரு அப்பிள் அரிந்து போட்டு, அடுப்பைக் குறைத்து வேகவிட்டேன். சோசிசைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெடிக்கும் அக்கா, சும்மா சூட்டுத் தண்ணீரில் கிடக்கவிட்டுப் பிறகு பொரி என்று முன்பு எனக்கே வகுப்பெடுத்தவன் அல்லவா அவன்! அப்படியே செய்தேன். என் கை தன்பாட்டில் செத்தல் மிளகாய் டப்பாவுக்குப் போனது, திருப்பி எடுத்தேன். ஆரின்ரையோ ஊத்தைச் சொக்ஸ் அவிக்கிறியோ என்று இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

தட்டில் போட்டு, பக்கத்தில் கடுகுக் களியும் ஒரு பியரும் வைத்து, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்தேன். தனோ, வந்து சாப்பிடு என்று சொல்லிக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். உள்ளே தட்டில் கத்தி உரசுகிற சத்தம். மெல்ல, அவசரமில்லாமல். எங்கள் வீட்டில் கத்தியால் வெட்டிச் சாப்பிடுகிற ஆள் யார் இருக்கிறார்? இவர் என் கையைப் பிடித்தார். கல்யாணம் கட்டிய இத்தனை வருசத்தில் இவர் தானாக என் கையைப் பிடித்தது எனக்கு ஞாபகமில்லை.

சத்தம் நின்ற பிறகு நான்தான் போய்த் திறந்தேன். ஒரு துண்டும் குறையவில்லை. சோசிஸ் முழுவதும் வட்டம் வட்டமாக, ஒரே அளவில் வெட்டியிருந்தது. நீ சின்ன வாய்க்காரி என்று உனக்கு அவன் வெட்டித் தருவானே, அதே மாதிரி. கோவாவை நடுவால் இரண்டாகப் பிரித்து ஒதுக்கியிருந்தான். முள்ளுக்கரண்டி ஒரு பங்கின் மேல், கைபிடி வெளிப்பக்கமாக, எடுத்துச் சாப்பிடு என்று யாருக்கோ நீட்டியதுபோல் கிடந்தது.

அப்போதுதான் பிள்ளை, எனக்கு எல்லாம் விளங்கியது. அவனுக்குப் பசி இல்லை. அவன் உன்னைக் கூட்டிப்போக வருகிறான். நீ சனிக்கிழமைகளில் வயிறு நிறையச் சாப்பிடுவது அவன் பிரித்து வைக்கிற பங்கையடி. செத்தவருக்கு நாங்கள் படைத்ததை எடுத்து உண்பது வழமை. செத்தவர் பிரித்துத் தருகிற பங்கை யாரும் தொடுவதில்லை. உனக்கு அதைச் சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லாமல் போனார்களே, ஐயோ.

குப்பையில் கொட்டினால் அவன் திரும்ப உன்னிடம்தான் வருவான். அதனால் உன் பங்கை நான் சாப்பிட்டேன். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. இவருக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மிகவும் ருசியாக இருந்தது நிரோ, நான் சமைத்த ருசி இல்லை அது.

இன்று காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் மாலை போட வேண்டுமென்று கோயிலுக்குப் போயிருக்கிறார். அடுப்பு அணைத்திருக்கிறது, குசினியில் கத்தி உரசுகிறது. பயப்படாதே, அவன் இங்கேதான் இருக்கிறான். சின்னனில் நான் கூப்பிட்டால் எதையும் விட்டுவிட்டு ஓடி வருகிற பிள்ளை.

இந்தச் சனிக்கிழமை உனக்குக் கொஞ்சம் சோறு வை. முருங்கைக்காய்க் குழம்பு வை. ஒரே ஒரு தட்டு எடு. முதல் இரண்டு வாய் தொண்டையில் நிற்கும், அழுதாலும் பரவாயில்லை, விழுங்கு. நீ வயது போய், தலை நரைத்து, பல் விழுந்து, அக்கம்பக்கத்துச் சனங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் இந்த மச்சாளின் ஆசீர்வாதம். ஆட்டைத் திவசத்தில் அவனோடு சேர்த்து யாருக்குப் படைக்க வேண்டி வந்தாலும் அந்த ஒரு நாள் மட்டும் படை. பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடு, என் தங்கமே.

உன் மேல் உயிரான
பூரணி மச்சாள்