வரவேற்பறைக் கடலில் பாசி

மார்ச் 3

கண்ணாடியில் மறுபடியும் பழுப்புத் தூசி. நேற்றுதான் காந்தத் துடைப்பானால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். இன்று பார்த்தால் யாரோ தொட்டிக்குள் காப்பித்தூளைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. கல், மணல், பவளம் எதையும் விட்டுவைக்கவில்லை. புதுத் தொட்டி என்றால் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், தானே போய்விடும் என்கிறார் வளர்ப்பு மீன் கடைக்காரர். தானே போக அது என்ன, விருந்தாளியா?

இந்த உப்புத்தண்ணீர்க் கடல் என் யோசனை இல்லை. மேற்படிப்புக்குக் கிளம்பும் முன் மகள் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. மூன்று மீன்: ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டது இரண்டு, நீலம் ஒன்று. "நான் போனப்புறம் நீங்களும் அம்மாவும் பேசறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் அம்மா சிரிக்கவில்லை.

மார்ச் 9

பழுப்பு போய்விட்டது. இப்போது பச்சை.

மார்ச் 15

பச்சை என்றால் சும்மா பூச்சு இல்லை. தலைமுடி. கல் முழுக்க நீளமாக வளர்ந்து, தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் ஆடுகிறது. எனக்கு இந்த வயதில் முளைக்காத முடி.

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு, எப்படி ஆனது, யார் மேல் தவறு என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வது என் பிழைப்பு. பம்பரில் ஒரு கீறலைக் காட்டினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்து இடித்தார்கள் என்று சொல்வேன். என் வீட்டு வரவேற்பறையில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

மகள் போனில் ஒன்று சொன்னாள். அம்மாவுக்கு வேறு ஊரில் புதிதாகத் திறக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பொறுப்பு தருகிறார்களாம். ஏப்ரலுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "உங்ககிட்ட சொல்லலையாப்பா?" என்றாள். சொன்னாள், சொன்னாள் என்றேன்.

சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. பெரிதாகச் சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். எங்களுக்குள் சண்டையும் கிடையாது. "அப்பாகிட்ட கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு", "அம்மாகிட்ட நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று நடுவில் ஒரு பிள்ளையை வைத்தே காலம் போய்விட்டது. பிள்ளை வளர்ந்து விமானம் ஏறிவிட்டாள். இப்போது "பால் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பக்கத்து அறையிலிருந்து.

மார்ச் 22

செய்யாதது ஒன்றும் பாக்கி இல்லை. விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று சுத்திகரித்த தண்ணீரில் உப்புக் கலந்து வாராவாரம் மாற்றுகிறேன். கல்லை வெளியே எடுத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். பாசி தின்னும் என்று நத்தைகள் வாங்கிப் போட்டேன். அவை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. எங்கள் அலுவலகத்தில் சேர வேண்டியவை.

தண்ணீரில் சத்து அதிகம், அதனால்தான் வளர்கிறது என்கிறார் கடைக்காரர். தீனியைக் குறையுங்கள் என்கிறார். நானோ சாயங்காலம் ஒரே ஒரு சிட்டிகைதான் போடுகிறேன். இதில் எதைக் குறைக்க?

மார்ச் 28

கண்டுபிடித்தாயிற்று. நான் இல்லை, மகள்.

பாசியைப் பற்றிப் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். எத்தனை வேளை போடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒரு வேளை, டப்பாவிலிருந்து, சாயங்காலம் என்றேன். "அம்மா காலையில போடறாங்களேப்பா. ஃப்ரீசர்ல இருக்கிற இறால் கட்டி. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? காலை ஷிப்டுக்கு அவள் கிளம்பும்போது நான் எழுந்திருப்பதில்லை. ஃப்ரீசரை நான் திறப்பதில்லை. டப்பாவை அவள் தொடுவதில்லை. ஒரே மீனுக்கு இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், வாரக்கணக்கில் தீனி போட்டிருக்கிறோம். பாசி வராமல் பவழமல்லியா வரும்?

அம்மாவிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நிறுத்துங்க, பேசி முடிவு பண்ணுங்க என்றாள். சரிம்மா என்றேன்.

மார்ச் 29

பேசவில்லை. இதில் பேச என்ன இருக்கிறது? நான் நிறுத்திவிட்டேன். அவளே போடட்டும். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தோடு மாரடிப்பவளுக்கு, காலையில் ஒரு நிமிஷம் அந்த மீன் முன்னால் நிற்பது பிடித்திருக்கலாம். அதை ஏன் பிடுங்க வேண்டும்? எனக்கும் பெரிய மனசு உண்டு என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 10

பாசி பின்வாங்குகிறது! முடி மெலிந்து, வெளுத்து, கையால் இழுத்தால் கொத்தாக வருகிறது. நத்தைகளுக்குக்கூட உற்சாகம்.

வேலை விஷயம் பற்றி அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வேலை, அவள் முடிவு. போகாதே என்று நான் சொன்னால், இத்தனை வருஷம் கழித்து இந்த மனுஷனுக்கு உரிமை வந்துவிட்டதோ என்று நினைப்பாள். ஆனால் போகக் கூடாது. அவள் போகக் கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம்தான். அவள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசிக்கவே செய்கிறது.

ஏப்ரல் 17

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆரஞ்சு மீன்கள் கொஞ்சம் இளைத்த மாதிரித் தெரிகின்றன. சுறுசுறுப்பாக இருப்பவை அப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் அவள் தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "தண்ணி நல்லா இருக்கு" என்றாள். ம் என்றேன். உள்ளே போய்விட்டாள். அந்த 'ம்'முக்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 20

ஆலங்கட்டி மழை. ஊரில் நிற்கிற கார் எல்லாம் அம்மை போட்ட மாதிரி. மூச்சுவிட நேரமில்லை.

ஏப்ரல் 26

செத்துப்போச்சு. ஆரஞ்சு ரெண்டும்.

முதலில் ஒன்று பம்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கல்லுக்கு அடியில். வலையில் எடுத்தால் எடையே இல்லை. வயிறு முதுகோடு ஒட்டியிருக்கிறது. நானே பார்த்தேனே. போன வாரமே பார்த்தேனே. சுறுசுறுப்பாம்.

வலையோடு நிற்கும்போது அவள் வந்தாள். பார்த்தாள். "நீங்க போடலையா?" என்றாள்.

"நீதானே போடற?"

"நீங்க போடறீங்கன்னுதான் நான் நிறுத்தினேன். சாயங்காலம் அது முன்னாடி உக்காந்திருப்பீங்க. அதையும் ஏன் பிடுங்கணும்னு விட்டுட்டேன்."

பாசி ஏன் போச்சுன்னு இப்போ தெரியுது. நாலு வாரமா யாருமே போடல. ரெண்டு பேரும் விட்டுக் கொடுத்தோம். விட்டுக் கொடுத்தே கொன்னுட்டோம். ஊர்ல எவன் எவனை இடிச்சான்னு சொல்ற ஆள் நான்! என்ன மனுஷன்டா நீ?

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மகள் விமானம் ஏறியபோதுகூட இப்படி அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். வலையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலம் பிழைத்திருக்கிறது. கல்லிடுக்கில் மிச்சமிருந்த பாசியைக் கடித்துக் கடித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஏப்ரல் 27

வாய் திறந்ததுதான் திறந்தது என்று கேட்டுவிட்டேன், வேலைக்கு என்ன பதில் சொன்னாய் என்று. பதினெட்டாம் தேதியே சரி என்று சொல்லிவிட்டாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

"பொண்ணு உங்ககிட்ட சொல்லிட்டான்னு தெரியும். நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். போகாதேன்னு சொல்லுவீங்கன்னுகூட நெனச்சேன்."

"நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு..."

"குறுக்க நிக்க வேணாம். கூட நின்னிருக்கலாம்."

கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. யாரோ நோயாளிக்கு முடிவைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். இப்போதாவது போகாதே என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எழுந்துபோய்த் தொட்டி விளக்கை அணைத்தேன்.

மே 4

கிளம்பிவிட்டாள். பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். நன்றி சொன்னாள்.

மே 19

மகள் வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றாள்.

ஜூன் 14

இன்று அவள் வந்திருந்தாள். சான்றிதழ்களும் மிச்சத் துணிகளும் எடுத்துக்கொள்ள. சாவி அவளிடம் இருக்கிறது. ஆனாலும் மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள்.

புது இடம் எப்படி என்று கேட்டேன். காற்றோட்டமான வீடாம், பால்கனி இருக்கிறதாம். திரும்பி வருவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அலமாரியைக் காலி செய்துவிட்டு, அடித்தட்டுக்கு விரித்திருந்த பழைய செய்தித்தாளையும் மடித்துக் குப்பையில் போட்டாள். சுத்தக்காரி.

போகும் முன் சமையலறைக்குள் போனாள். ஃப்ரீசர் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளங்கையில் ஒரு இறால் கட்டியோடு வந்து, நீல மீனுக்கு நேராக நின்றாள். போடப் போன கை நின்றது. திரும்பினாள்.

"நீங்க போட்டாச்சா?"

"இல்ல. நீ போடு."

போட்டாள். கட்டி கரைந்து மிதந்தது. மீன் இரண்டு வாய் கடித்துவிட்டு ஒதுங்கியது. மீதி மெதுவாக மணலில் இறங்கியது. அவள் பையைத் தோளில் மாட்டியபடியே, அது சாப்பிடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையிலேயே நான் போட்டுவிட்டேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டியைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்போதே கிளம்பியிருப்பாள்.