தரைக்குப் போர்த்திய போர்வை

கோவில்பதாகை,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் இனியன் குட்டியும் அந்தக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எப்படியும் உன் மாமியார் வாய் வழியாக உனக்குச் செய்தி வந்துவிடும், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம் இல்லையா, அங்கே சோபாவில், சம்பந்தி பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். சும்மா தூங்கவில்லை, குறட்டை. அப்பா தொடையில் கிள்ளியிருக்கிறார், அதற்கு நான் கண்ணைத் திறக்காமலே, யாரோ பெல் அடிக்கிறாங்க, போய்ப் பாருங்க என்றேனாம். முழித்துப் பார்த்தால் தலைக்கு ஒரு தலையணை, டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்து, மொத்தக் குடும்பமும் நுனிக்காலில் நடக்கிறது. உன் கல்யாணத்தன்று கடைசிப் பந்திக்கு சாம்பார் பற்றாமல் போனபோதுகூட எனக்கு இவ்வளவு கூசவில்லை.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை, ராத்திரித் தூக்கம் போய் எத்தனையோ நாளாகிறது. எல்லாம் உங்கள் அப்பாவின் யோசனையால் வந்தது. நீ ஜூனில் வருகிறாய் என்றதும், குட்டி அந்த ஊரில் கார்பெட்டில் உருண்டு பழகின பிள்ளை, இங்கே டைல்ஸில் வழுக்கி விழுந்தால் மண்டை பிளந்துவிடும், அப்புறம் வெள்ளானூர்க்காரங்க பேரனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க சாமு என்றார். அந்தக் கடைசிப் பேச்சில்தான் நான் கவிழ்ந்தேன். போன தடவை நீ வந்தபோது குழந்தையை அவர்கள்தான் அதிகம் வைத்திருந்தார்கள், அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது, உனக்குத் தெரியாததா. என் அத்தை மகன் டில்லிபாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி ஆபீசுகளுக்கெல்லாம் கார்பெட் ஒட்டுகிறவன், அவன் எங்கேயோ மீந்துபோன புதுச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து உன் அறையில் சுவருக்குச் சுவர் ஒட்டிக் கொடுத்துவிட்டான். சாம்பல் கலர். உள்ளே போனால் யாரோ நம்மை இன்டர்வியூவுக்குக் கூப்பிடப் போகிற மாதிரியே இருக்கிறது.

அழகெல்லாம் சரி, வாடை. பெயின்ட் கடையும் பஞ்சர் கடையும் சேர்ந்து நம் வீட்டுக்குக் குடி வந்த மாதிரி பசை வாடை. கண் எரிகிறது, தொண்டையில் முள் மாட்டின மாதிரி இருமல், ஹாலில் வந்து படுத்தாலும் கதவிடுக்கு வழியாகத் தேடிக்கொண்டு வருகிறது. டில்லிபாபுவுக்குப் போன் போட்டால், யக்கா, அது புது வாசனக்கா, புது கார்ல வந்தா மட்டும் மூக்க இஸ்து இஸ்து மோந்து பாக்குறாங்கோ, ஊட்ல வந்தா நாத்தமா, தானா பூடும் வுடு என்றான். உங்கள் அப்பா, நாத்தமா, எங்கே நாத்தம் என்று கேட்டுக்கொண்டே தும்முகிறார்.

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே பாதி போயிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, லாரி மண்ணும் கொசுவும் புதுக் கார்பெட்டில் ஏறிவிடும் என்று எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, வாடையை விரட்ட நான் சாம்பிராணி போட்டேன். அப்பா மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டார். போதாது என்று ஒரு கொத்து ஊதுபத்தி. பசை நாற்றம் போகவில்லை, பக்தியோடு நாறியது, அவ்வளவுதான். அதற்கு மேல் வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டு வேலைக்கு வருகிற அங்கம்மா, இன்னாம்மா இது, தரைக்குப் போர்வ போத்திகீறீங்க என்று கேட்டபோதே நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கப்படி அவள் ஒரு வாளி தண்ணியில் பினாயிலைக் கலந்து அறை முழுக்க ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்தே விட்டாள். கடைசியில் தண்ணி எங்கம்மா பூட்ச்சு என்று என்னையே கேட்கிறாள். கார்பெட் குடித்துவிட்டது, வேறு எங்கே போகும். மேலே காய்ந்த மாதிரி தெரிகிறது, கால் வைத்தால் அடியில் சொதசொதவென்கிறது. இப்போது பழைய வாடைகளோடு மழையில் நனைந்த நாயின் வாடையும் சேர்ந்துகொண்டது.

நேற்று இருமல் தாங்காமல் டாக்டரம்மாவிடம் போனேன். சாம்பிராணிக்கு ஒரு பாட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது போகட்டும். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா என்று கேட்டார். பேரன் வரப்போறான், அவனுக்கு வீசிங் உண்டு, பம்ப் அடிக்கிறான் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாடை சுத்தமா போற வரைக்கும் அந்தக் குழந்தையை அங்கே படுக்க வைக்காதீங்க, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு விடுங்க, எதையும் கொளுத்தாதீங்க, நனைஞ்சதைப் பிய்ச்சு எடுத்துடுங்க என்றார். டில்லிபாபுவைக் கேட்டால், ஒட்டத்தான்கா தெரியும், பிச்சா பசை தரையிலயே நின்னுக்கும், அத்த சொரண்டணும், ஆள பாத்துகினு வரேன் என்கிறான். எப்போது வருவான், எப்போது வாடை போகும், அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் புகுந்து வாடையே இல்லை என்று சாதிப்பார், அதனால்தான் அங்கே கிளம்புகிற எதிர்வீட்டு ஜஸ்டின் கையில் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கண்ணு, நீ ஏர்போர்ட்டில் இறங்கியதும் நேரே வெள்ளானூருக்குப் போய்விடு. இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தேன். போன தடவை மடியில் கிடந்த பிள்ளை, இப்போது ஓடுகிறான் என்கிறாய், முதலில் நம் வீட்டில் ஓடுவான் என்று நினைத்திருந்தேன். ஓடுவதற்கு மூச்சு வேண்டும் இல்லையா, எங்கே ஓடினால் என்ன. காலையில் உன் மாமியாருக்குப் போன் பண்ணி நானே சொல்லிவிட்டேன். அவர்கள், அதுக்கின்னா சம்பந்தி, நீங்களும் பெட்டியக் கட்டிகினு வந்துடுங்கோ, சோபா சும்மாதானே கீது என்றார்கள். அதில் குத்தல் இருக்கிறதா என்று காலை முழுக்க யோசித்தேன். இருக்கிறது. இருந்தாலும் போவேன்.

குட்டியின் பம்பைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதே, கைப்பையில் வை. நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிவிடாது. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, டாக்டரம்மா சொன்னபடி ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, அந்த அறைப் பக்கம் நாங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
சாமுண்டீஸ்வரி பரந்தாமன்

பி.கு. இவ்வளவையும் உன் அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதினேன். இந்த மே மாத வெயிலில் என்ன செய்ய, வீட்டில் ஏசி அங்கே மட்டும்தான் இருக்கிறது.